பன்னிரண்டாம் நம்பர் கட்டிலுக்குத் தைரியம்

"அழுது முடிச்சுட்டியா, இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் தையல்கடை அண்ணி, கட்டிலருகே நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு.

கட்டிலில் படுத்திருந்தவள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, புறங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கிடந்தாள். அண்ணி என்றால் அவள் புருஷனுடைய அக்கா. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த இருவரும் சிரித்துப் பேசிய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் ஒன்றிரண்டு விரல் மிச்சமிருக்கும்.

"பயமா இருக்கு அண்ணி. பதினோரு மணிக்கு உள்ளே போறதெல்லாம் சரி. திரும்பி வரணுமே."

"வராம எங்க போறது? அங்க என்ன கொல்லைப்பக்கமா வாசல் வச்சிருக்கான்? நானும் முப்பது வருஷமா வெட்டறேன், தைக்கிறேன். இதுவரைக்கும் ஒரு துணியாவது செத்துப் போயிருக்கா?"

"துணியும் உடம்பும் ஒண்ணா?"

"துணிக்கு மயக்க ஊசிகூடப் போடறதில்லை. அது பாட்டுக்குப் பேசாம படுத்திருக்கு. நீயும்தான் இருக்கியே!"

கர்ப்பப்பையில் கட்டி. எலுமிச்சம்பழ அளவு என்றது ஸ்கேன். பையோடு எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகுதான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பத்து நாளாக அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

"பெரியம்மா போன் பண்ணாங்க அண்ணி. பாசிடிவா இருக்கணுமாம். அவங்க பக்கத்து வீட்டுல ஒருத்தங்க அப்படி இல்லாமத்தான் போய்ச் சேர்ந்துட்டாங்களாம்."

"ஆமாமா. போறதுக்கு முன்னாடி பெரியம்மாகிட்ட வந்து காரணத்தைச் சொல்லிட்டுப் போனாங்களாக்கும். உன் புருஷனைக் காணோமே? மருந்து வாங்கக் கீழே போனவன், மருந்தைக் கண்டுபிடிச்சிட்டுத்தான் வருவான் போலிருக்கு."

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம், முகத்தில் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்த சிரிப்பு. ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது அவளுக்கு உத்தியோகம். கட்டிலுக்குப் பத்து நிமிஷம்.

"பன்னிரண்டாம் நம்பர் கட்டில்தானே? நான் கவுன்சலர். ரொம்ப பயந்திருக்கீங்க போல?"

படுத்திருந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "மேடம், நான் வந்து..."

"நீ பேசாம படு, தலை சுத்தும்" என்று அதட்டினாள் அண்ணி. "படிச்சவங்க நாலு நல்ல வார்த்தை சொல்ல வந்திருக்காங்க, காது குடுத்துக் கேளு. நீங்க சொல்லுங்கம்மா."

"நல்லதையே நினைச்சா உடம்பும் கேட்கும்மா. கண்ணை மூடுங்க. ஒரு பச்சைப் புல்வெளி. அதுல நீங்க மெதுவா நடக்கறீங்க."

"செருப்போடவா, வெறுங்காலோடவா?" என்றாள் அண்ணி.

"வெறுங்கால்தான்."

"முள்ளு குத்துமே?"

"நாமா நினைக்கிற புல்வெளியில முள் இருக்காதும்மா."

"அப்ப சரி. நடடி! மேடம் சொல்றாங்கல்ல, நட!"

படுத்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். புல்வெளி வந்ததோ என்னவோ, தலையணை உறைதான் நனைந்தது.

அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஏம்மா, முழிப்பு வந்ததும் ரொம்ப வலிக்குமா?"

"வலிக்கும். மருந்து குடுப்பாங்க, தாங்கிக்கலாம்."

"பையை எடுத்துட்டா உள்ளுக்குள்ள என்னமோ காலியா இருக்கற மாதிரியே இருக்கும்னு சொல்றாங்களே, அது நிஜமா?"

கவுன்சலர் முதல் தடவையாகப் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "சிலருக்குக் கொஞ்ச நாள் அப்படித் தோணும். அப்புறம் போயிடும்மா."

"கெட்ட கட்டின்னு வந்துட்டா?"

"அதுக்கும் வைத்தியம் இருக்கு. எத்தனையோ பேர் நல்லா நடமாடறாங்க."

"கேட்டுக்கிட்டியாடி?" என்றாள் அண்ணி.

படுத்திருந்தவள் அண்ணியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். "உங்களை நான் எவ்வளவு பேசியிருக்கேன் அண்ணி..."

"நான் மட்டும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? பேசறதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. எல்லாத்தையும் இங்கேயே பேசித் தீர்த்துட்டா வீட்டுல போய் என்ன பண்றது?"

கவுன்சலர் படிவத்தில் 'நோயாளி மிகவும் மனம் தளர்ந்திருக்கிறார்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். பிறகு அண்ணியைப் பார்த்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு நாத்தனாரா! உங்க தைரியத்துல பாதியை இவங்களுக்குக் குடுங்கம்மா" என்றாள்.

"காலையிலேருந்து அதைத்தான் குடுத்துக்கிட்டிருக்கேன். வாங்கிக்க மாட்டேங்கறா."

கதவை இடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் வந்தது, பின்னாலேயே நர்ஸ். கவுன்சலர் படுத்திருந்தவளின் தோளைத் தட்டினாள். "வாங்க, எழுந்து சிரிச்ச முகமா ஏறுங்க பார்க்கலாம்."

"அவங்களை ஏன் மேடம் எழுப்பறீங்க?" என்றாள் நர்ஸ். "காலையில எதுவும் சாப்பிடாம ரத்தம் குடுத்துட்டு மயங்கி விழுந்தவங்க அவங்க, படுத்திருக்கட்டும். ஆபரேஷன், நாற்காலியில உட்கார்ந்திருக்காங்களே, அந்த நாத்தனாருக்கு!"