இறக்கையைப் பிடிங்க!

"பல்லைப் பிடுங்கச் சொன்னா பொம்மை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, இவரெல்லாம் ஒரு டாக்டரா?"

டாக்டர் காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள் மனைவி.

கணவருக்குத்தான் பல் வலி. ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கிரேன் டிரைவர், ஆறடி உயரம். நாற்பது டன் இரும்பை அலட்சியமாகத் தூக்குகிறவர், பல் டாக்டர் நாற்காலியில் கோழிக்குஞ்சாய் நடுங்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை இதே நாற்காலி வரை வந்து, டாக்டர் வருவதற்குள் ஓடியவர். இன்னொரு தடவை ஓடினால் சீழ் தாடைக்குப் பரவிவிடும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள்.

டாக்டரோ ஜன்னலோர மேஜையில் குனிந்து, ஒரு குட்டிப் போர் விமானத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"பெரிய போர் வீரரோட விமானம்மா இது," என்றார் திரும்பாமலே. "மூக்குப் பக்கத்துல கோடு கோடாத் தெரியுதா? மொத்தம் இருபத்திரண்டு. ஒரு கோட்டுக்கு ஒரு எதிரி விமானம் விழுந்துதுன்னு அர்த்தம்."

"இங்க ஒரு பல்லு விழ வழியக் காணோம்!"

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். அதைப் பார்த்ததுதான் தாமதம், டிரைவரின் ஒரு கால் தரைக்கு வந்துவிட்டது.

"நான் நாளைக்கு வர்றேன் டாக்டர்..."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கிரேன் ஓட்டறேன்."

"அட! அப்ப கை ஆடவே ஆடாதே. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்!"

மறு நிமிடம் டிரைவர் மடியில் ஒரு தட்டு, தட்டில் விமானம்.

"இறக்கையை ரெண்டு கையாலயும் இப்படி அழுத்திப் பிடிங்க. பசை காயற வரைக்கும் இம்மியும் அசையக்கூடாது. மூணு மாச உழைப்பு சார், கவுத்துடாதீங்க."

"நல்லாருக்கே நியாயம்! பல்லு வலின்னு வந்தவரையே வேலை வாங்கறாரே!"

மனைவி பொருமியதை யாரும் காதில் வாங்கவில்லை. டிரைவரின் கண் இறக்கையை விட்டு நகரவில்லை. ஊசி ஏறியதும் தெரியவில்லை.

"வாயை நல்லாத் திறங்க... வலது ஓரம் இறங்குது பாருங்க... ஆங், அப்படியே பிடிங்க... முடிஞ்சுது!"

பஞ்சைக் கடித்தபடி எழுந்த டிரைவர், போன பல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கையைத்தான் பார்த்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் முகத்தில் கிரீடம் வைத்த களை.

"இங்கயே இருங்க. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வர்றேன்," என்று மனைவி மறுபடியும் உள்ளே போனாள்.

நர்ஸ் விமானத்தைக் கையில் எடுத்து, இறக்கையை 'டக்'கென்று பிடுங்கினாள்.

"ஐயையோ, என்னம்மா பண்றே! அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டினது!"

"சாதாரணக் காகிதப் பசைங்க," என்றாள் நர்ஸ், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே. "அடுத்து ஒரு தச்சர், வெளியில நடுங்கிக்கிட்டிருக்கார். 'உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்'னு ஆரம்பிப்பார் டாக்டர். நாலு வருஷமா இந்த விமானத்துக்கு இறக்கை ஒட்டுறோம்."

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர், களவும் கையுமாகப் பிடிபட்டவர் போல அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

கேட்க வந்த நாலு வார்த்தையும் மனைவிக்கு மறந்து போயிற்று. "வர்றேன் டாக்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பேச முடியாத டிரைவர், கையை இறக்கை மாதிரி விரித்துக் காட்டி, 'ஒட்டிக்கிச்சா?' என்று புருவத்தைத் தூக்கினார்.

"ஒட்டாம? நீங்க புடிச்ச புடி அப்படி. இனிமே யார் நினைச்சாலும் அசைக்க முடியாதாம், டாக்டரே சொல்றார்!"