கோளாம்பி

"ஒயினு குடிக்கதுக்குச் சம்பளமாலே? நம்மூர்ல அதுக்கு கேசுல்லா போடுதான்!"

முப்பிடாதியம்மாள் இப்படிக் கேட்டதும் சுபாஷ் சிரிச்சுட்டான். பக்கத்துத் தெருப் பையன். துபாயில பெரிய ஓட்டல்ல வேலை. பழைய ஒயின வாயில வச்சுப் பாத்து எது ஒசத்தி, எது மட்டம்னு சொல்லணும். குத்தால சீசனுக்கு லீவுல வந்தவன அவ புருசன் மகாராஜா கையோட வீட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டாரு.

"குடிக்கக் கூடாது அத்தை. வாயில உருட்டிட்டுத் துப்பிரணும். எவ்வளவு நல்ல ஒயினா இருந்தாலும் துப்பத்தான் செய்வோம். முழுங்கிட்டே இருந்தா அடுத்த பாட்டிலு ருசி தெரியாதுல்லா."

"நல்ல சரக்கத் துப்புததுக்கு ஒருத்தன் பிளேன் ஏறிப் போறான் பாரு!"

வாய்தான் பேசிச்சு. உள்ள போயி, மாமனாரு காலத்துல வெத்தல துப்புன பித்தளைக் கோளாம்பியப் புளி போட்டு வெளக்கி, அவன் முன்னால கொண்டாந்து வச்சா. வச்சிட்டு, பீரோப் பக்கம் ஒருக்கா திரும்பிப் பாத்தா.

பாக்காம என்ன செய்வா?

மகாராஜா மிலிட்டரியில சுபேதாரா இருந்தவரு. ரிட்டயர் ஆகி வரும்போது அவரு கர்னல் ஒரு பிரான்சு நாட்டு ஒயினக் கொடுத்து, "நாப்பதாவது கல்யாண நாளைக்குப் பொஞ்சாதியோட ஒக்காந்து குடி"ன்னு சொல்லிவிட்டாரு. அன்னைலருந்து பீரோவுல, அவரு பனியனுக்கு நடுவுல, அது குலசாமி கணக்கா இருந்துச்சு.

"பழசாகப் பழசாகத்தான் ஏட்டி அதுக்கு ருசி"ம்பாரு.

"அப்பம் நீங்க எப்பம் ருசியாவீய?"ம்பா இவ.

இன்னைக்குத்தான் அந்த நாப்பதாவது கல்யாண நாள்.

ஆனா அந்த ஒயினு இருக்கே, அது போன மாசமே கொல்லையில வாழமரத்துக்கு வாத்தாச்சு.

பாட்டிலப் படுக்கப் போட்டு வைக்கணும், கார்க்கு நனைஞ்சே இருக்கணும்னு கர்னல் படிச்சுப் படிச்சுச் சொல்லிருந்தாரு. இவரு படுக்கப் போடுவாரு. அவ நிமித்தி வைப்பா. "நல்ல நாளுக்கு வச்ச பொருளு, சீக்காளி மாதிரி படுத்தா கெடக்கும்?" பீரோச் சாவி அவ இடுப்புலல்லா இருந்துச்சு! அதனால பாட்டிலு நின்ன காலந்தான் சாஸ்தி.

போன மாசம் பீரோவத் தொடைக்கும்போது, கார்க்கு காஞ்சு சுருங்கி கையோட வந்துட்டு. மோந்து பாத்தா, புளிச்ச காடி!

அவளுக்குக் கண்ணு இருட்டிட்டு. இந்த மனுசன் தனக்குன்னு ஆசப்பட்டு வச்சிருந்தது இது ஒண்ணுதான். அதையும் நாமளே கெடுத்துட்டமே!

கருப்புத் திராட்சைய வேக வச்சு, சீனியும் கிராம்பும் போட்டு, வடிகட்டி உள்ள ஊத்துனா. கார்க்க அமுக்கி, மெழுகுவத்திய உருக்கி மேல விட்டா. பாட்டில நிமித்தி வச்சா. அன்னைலருந்து அவளுக்குச் சோறு எறங்கல.

இப்பம் மகாராஜா மெழுகச் சொரண்டி, கார்க்கப் புடுங்குனாரு. சுபாஷ் துண்டுல சுத்திக் கொண்டாந்திருந்த கால் வச்ச கிளாசுல ஊத்துனான். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தான். சுத்துனான். மூக்க உள்ள விட்டான்.

"என்னலே, எறும்பு கெடக்கா?" அவ எட்டிப் பாத்துக் கேட்டா.

ஒரு வாய் உறிஞ்சுனான். இந்தக் கன்னத்துலருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டுனான். முப்பிடாதியம்மாள் கோளாம்பிய மெதுவா அவன் பக்கம் நவுத்துனா.

அவன் மடக்குனு முழுங்கிட்டான்!

"எப்பிடிலே?" மகாராஜா கண்ணு மினுங்குச்சு.

"மாமா... நல்ல பழுத்த பழம், மெல்லிசா ஒரு காரம், மழையில நனைஞ்ச மரப்பட்டை வாசம். உள்ள போன பொறவும் நாக்குல நிக்கி. எங்க ஓட்டல்ல கூட இப்பிடி ஒண்ணு கெடையாது."

மரப்பட்டையாம்! அவ முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. உசுரு திரும்பி வந்துட்டு. கூடவே எளக்காரமும் வந்துட்டு. இவன நம்பியா துபாய்க்காரன் சம்பளம் கொடுக்கான்!

மகாராஜா ஒரு மடக்குக் குடிச்சாரு. கண்ண மூடிக்கிட்டாரு. "கர்னல் சொன்னது நெசந்தான் ஏட்டி"ன்னு அதே கிளாச அவகிட்ட நீட்டி, சுபாஷ் இருக்கான்னும் பாக்காம அவ கையப் புடிச்சுக்கிட்டாரு. சுபாஷ் இன்னொரு கிளாசும் ஊத்திக் குடிச்சான். கோளாம்பி காஞ்சு போயிக் கெடந்துச்சு.

கெளம்பும்போது வெளிய சாரல். கொடையக் குடுக்க வாசலுக்கு வந்தவளுக்கு வாயி சும்மா இருக்கல.

"ஏலே, இங்கன வா. உனக்கு இருக்கது நாக்கா, செருப்புத் தோலா? மரப்பட்டையாம்லா! அது நான் சந்தையில வாங்குன திராட்சைலே. துப்பக்கூட இல்ல, ஓசின்னதும் ஒரேடியா முழுங்கிட்ட! போவட்டும். மாமாட்ட மட்டும் சொல்லிராத, ஒடைஞ்சு போயிருவாவ."

சுபாஷ் கொடைய விரிக்காம நின்னான்.

"நான் என்னத்த அத்தை சொல்ல? காலையில அஞ்சருவியில குளிக்கும்போது மாமாதான் எங்கிட்டச் சொன்னாவ. நீங்க நிமித்தி வச்ச பாட்டில அவுக படுக்கப் போட்டிருக்காவ. மெழுகு வழியா ஒழுகி, பனியன் பூராம் கிராம்பு வாசமாம்."

முப்பிடாதியம்மாள் வாசல் நெலையப் புடிச்சுக்கிட்டா.

"வேற... வேற என்னலே சொன்னாவ?"

"'துப்பணும்னு நீ சொன்னதும் அவ கோளாம்பியக் கொண்டாந்து வைப்பா. என்ன ருசியா இருந்தாலும் சரி, அந்தப் பக்கம் மட்டும் திரும்பிராதலே. அவ உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பா'ன்னாவ."