குடைக்கம்பி ஈட்டி

காயலான் கடையில் வாங்கிய கிழிந்த குடையின் மூன்று கம்பிகளைத் தீட்டி, மூங்கில் நுனியில் வலைநூலால் கட்டி, சவரிராயன் ஓர் ஈட்டி செய்தார். பெயிண்ட் டப்பாவுக்குள் பல்பைப் பொருத்தி ஒரு விளக்கும் செய்தார்.

"இன்னிக்கு ஒரு மீனாவது குத்திடுப்பா. இல்லேன்னா உனக்கு மறுபடி காயலான் கடைதான்" என்று ஈட்டியிடம் சொன்னது விளக்கு.

இருட்டியதும் முழங்கால் நீரில் மூவரும் மெல்ல நகர்ந்தார்கள். வெளிச்சத்தில் கடலடி மணல் பால் போலத் தெரிந்தது. அதற்குள் தட்டையாகப் படுத்திருந்த நாக்குமீனின் இரண்டு கண்கள் மட்டும் வெளியே இருந்தன.

"மேலே மழையாண்ணே?" என்று மீன் தூக்கக் கலக்கத்தில் கேட்டது.

ஈட்டியிடம் மழையைப் பற்றி யாரும் பேசி வெகுநாளாயிற்று. "தூறுது, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டது.

அந்த நொடியில் சவரிராயன் ஓங்கிக் குத்தினார். நூல் நெகிழ்ந்தது. மூன்று கம்பிகளும் விரிந்து மீனைச் சுற்றி மணலில் ஊன்றி நின்றன. அவற்றுக்கு அடியில் மீன் சற்று நேரம் கிடந்துவிட்டு, இடைவெளி வழியே நழுவிப் போனது.

"அடப்பாவி, விரிஞ்சுட்டியே!" என்றது விளக்கு.

"மழைன்னதும் விரிஞ்சே பழகிட்டேன்."

சவரிராயன் மடியிலிருந்த கட்டுக்கம்பியை எடுத்து, ஈட்டிக் கம்பிகளின் அடியில் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி இறுக்கினார். இனி விரியவே முடியாது.

அடுத்த மீனாவது மழையைப் பற்றிக் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று ஈட்டி வேண்டிக்கொண்டது.