நாக்கின் தீர்ப்பு

கம்பத்து ஒயின் ஆலையில் அன்று எந்தக் கலவையும் தேறவில்லை. மூன்று ஊர்த் திராட்சைகளைக் கலந்த சிவப்பு ஒயினை அங்கே ருசி பார்க்கும் வேலையிலிருந்த நிறைமதி வாயில் வைத்ததும், அவள் நாக்கில் கம்பெனி பதித்திருந்த சில்லு கைபேசி வழியாகப் பேசியது.

"துவர்ப்பு அதிகம். நடுவில் வெறுமை. நூற்றுக்கு அறுபத்தெட்டு."

அதை வீட்டிலும் அணைத்து வைக்க ஒப்பந்தம் இடம் தரவில்லை. அது போடும் மார்க்கெல்லாம் உடனுக்குடன் ஆலைக்கும் போய்விடும்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கணவன் ராசுக்காளை ரசம் ஊற்றினான். அவள் ஒரு வாய் வைத்தாள்.

"புளிப்பு முந்துகிறது. நடுவில் வெறுமை. ஐம்பத்தொன்று."

"என் ரசத்துக்கு நடுவுல என்ன வெறுமை?" என்றான் அவன்.

"அது கெடக்கு. எனக்கு நல்லாத்தான்ப்பா இருக்கு."

"நீ பொய் சொல்ற. உன் நாக்கு உண்மையச் சொல்லுது. அன்னைக்கு எங்கக்கா முன்னாடி மீன் குழம்புக்கு நாப்பது போட்டுச்சு. நான் அவ வீட்டுக்கே போறேன். அங்க மார்க் போடாம திங்கிறாங்க."

கரண்டியைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டான்.

நிறைமதி கைபேசியைச் சோபாவில் வீசினாள். ஆத்திரம் தாங்காமல் அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து வாய்க்குள் போனது.

"நல்ல தெளிவு. ஆழம். நெடுநேரம் நிற்கும் சுவை. தொண்ணூற்றேழு" என்றது சோபா மூலையிலிருந்து குரல்.

அடுத்த நிமிடமே ஆலை மேலாளர் அழைத்தார்.

"மேடம், இந்த சீசன்லயே இப்படி ஒரு மார்க் வரல. எந்தப் பீப்பாய் அது? காலையில வர்றப்ப ஒரு பாட்டில் பிடிச்சிட்டு வந்துருங்க."