ஜோடிச் சொற்கள்

"ரன்னிங்..." என்று சொல்லி நிறுத்தினாள் பேச்சுப் பயிற்சிக்காரி.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த வாத்தியாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. உதட்டோரம் வழிந்ததை மனைவி துண்டின் நுனியால் ஒற்றி எடுத்தாள்.

"வாட்டர்."

"வெரி குட் சார்!"

மனைவி துண்டை மறு நுனிக்குத் திருப்பிக்கொண்டாள்.

பாதி ஊருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாய் அது. ஒரு நாள் காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அப்படியே சரிந்தவர்தான். வலது கையும் போனது, பேச்சும் போனது.

பழகிப்போன ஜோடிச் சொற்களில் முன்பாதியைச் சொன்னால், வாய் தன்னாலே பின்பாதியைத் தேடிப் பிடிக்குமாம். பேச்சு திரும்புவதற்கு அதுதான் முதல் அடையாளமாம்.

இன்று அந்த அடையாளம் தெரியாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருடைய இடத்துக்காக வெளியே வரிசையில் ஆள் காத்திருக்கிறது. வீட்டுக்குப் போனால் பேச்சு அவ்வளவுதான் என்று பெரிய டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

எதில் ஆரம்பிக்கலாம் என்று பயிற்சிக்காரி கேட்டபோது மனைவிதான் முந்திக்கொண்டாள்.

"தண்ணியிலேயே ஆரம்பிங்கம்மா. அவருக்கு அது தலைகீழ்ப் பாடம்."

அது பொய்யில்லை. சாயங்காலமானால் முன்னறையில் டியூஷன் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள். அவர் போடுகிற சத்தம் சமையலறை வரைக்கும் வரும். "மழைன்னா ஹெவி. காத்துன்னா ஸ்ட்ராங். வார்த்தையையும் பொருத்தம் பார்த்துத்தான்டா சேர்த்து வைக்கணும். மாத்திக் கட்டி வெச்சா குடும்பம் நடத்தாது!"

பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுப்படியில் அவளும் சிரிப்பாள். ஒரு வரி ஆங்கிலம் படிக்கத் தெரியாமலே எந்த வார்த்தைக்கு எது ஜோடி என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒருமுறை சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது என்று அவள் அலுத்துக்கொண்டாள். "அது ஹார்ட் வாட்டர். உங்கம்மா மாதிரி. லேசுல இளகாது," என்றார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள்.

பேசாமல் இருப்பது அப்போது எவ்வளவு சுலபமாக இருந்தது.

"டேப்..."

"வாட்டர்."

"பாய்லிங்..."

"வாட்டர்."

"டீப்..."

இதற்குக் கொஞ்சம் தாமதமானது. மனைவி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

"வாட்டர்."

ஷாலோ, டிரிங்கிங், ஹார்ட் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். பயிற்சிக்காரியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. சின்னப் பெண். தன் கையால் ஒருவருக்குப் பேச்சு திரும்புவதை முதன்முதலாகப் பார்க்கிறாள் போல.

பேனாவை மூடப் போனவள் ஏதோ நினைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சார். இவங்க யாரு?"

மனைவியின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

வாத்தியார் அவளைப் பார்த்தார். புதுத் தெருவில் கதவு எண்ணைத் தேடுகிறவர் பார்ப்பதுபோல நெற்றி, கண், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாட்டர்."

பயிற்சிக்காரி தலை நிமிர்ந்தாள்.

"ஐயோ, போங்க நீங்க!" மனைவி சிரித்தபடி அவர் தோளில் செல்லமாகத் தட்டினாள். "யார் எதிர்ல எதைச் சொல்றதுன்னு ஒரு விவஸ்தையே கிடையாது இவருக்கு. அது அவர் எனக்கு வெச்ச பேரும்மா. எதுக்கெடுத்தாலும் கண்ணுல தண்ணி விடுவேன்னு கல்யாணமான புதுசுல கிண்டலா ஆரம்பிச்சது. அதுவே நிலைச்சுப் போச்சு."

"நெஜமாவா?"

"வெளியில சொல்லிடாதீங்க. மானம் போயிடும்."

பயிற்சிக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க குடுத்து வெச்சவங்க. எங்க வீட்டுக்காரர் என்னை 'ஏய்'னுதான் கூப்பிடறார்."

வாத்தியார் இத்தனை காலமும் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டார்.

"நல்ல முன்னேற்றம்மா. ஆளையும் அடையாளம் தெரியுது, பேரும் ஞாபகம் இருக்கு. டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் பயிற்சி," என்று எழுந்தவள், வாத்தியாரின் உயிருள்ள கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே போனாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மனைவியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். "வாட்டர்."

வீட்டிலிருந்து கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்த மகளின் படத்தைக் காட்டினார். "வாட்டர்."

பிறகு மடியில் செத்துக் கிடந்த தன் வலது கையை இடது கையால் தூக்கி அவளிடம் நீட்டினார். இது என்ன, ஏன் இப்படி ஆனது என்று கேட்கிற கண்கள். "வாட்டர்? வாட்டர்?" குரல் ஏறிக்கொண்டே போனது.

இத்தனை நாளும் செய்து வந்ததுபோலவே, அவர் வாயை உள்ளங்கையால் மெல்லப் பொத்தினாள் அவள்.

"மெதுவாங்க... அந்தப் பொண்ணு இன்னும் வராந்தாவுலதான் இருக்கு."