கூடவே வரும் புள்ளி

"எப்பப் பாரு, இந்த டெலஸ்கோப்பையே கட்டிக்கிட்டு அழறீங்க. வீட்டுல நான் ஒருத்தி இருக்கேங்கிற நினைப்பு இருக்கா?" மனைவி பொரிந்து தள்ளினாள்.

"இல்லாமலா? எடுத்த படத்துல புதுசா ஒரு புள்ளி கண்டுபிடிச்சு, உன் பேரை வெச்சிருக்கேன்."

அவள் குளிர்ந்துபோய்க் கணினி முன் உட்கார்ந்தாள்.

திரை நிறைய நிலா. வலது மூலையில் ஒரு கரும்புள்ளி. ஃபில்டர் மாட்டி எடுத்த சூரியனிலும் அதே மூலையில் அதே புள்ளி. லென்ஸை மாற்றி எடுத்த பால்வெளியிலும் அது அங்கேயே இருந்தது.

அவள் முகம் சுண்டிப்போனது. "எதை மாத்தினாலும் இது மாறலையே. கேமராவுக்குள்ள இருக்கிற தூசிங்க இது! தூசிக்கா என் பேரு?"

"வானத்துல எங்க திரும்பினாலும் கூடவே வருதே."

"துடைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"மனசு வரலை."