உடையாத கட்டி

புதிய தாலுகா அலுவலகத்தைக் கட்டியபோது, கான்கிரீட்டின் பலத்தை ஆய்வகத்தில் சோதிப்பதற்கென்று மட்டும் ஒப்பந்ததாரர் தணிகாசலம் தனியாக நல்ல கலவையில் கட்டிகள் வார்த்து அனுப்பினார். மிஞ்சிய ஒன்றைத்தான் அலுவலக ஊழியர்களான நாங்கள் கதவுக்கு முட்டாக வைத்திருந்தோம். திறப்பு விழா நடந்த அதே வருடம் வாசல் சன்ஷேடு பாதி பெயர்ந்து, பட்டா கேட்டு வந்து நின்ற செண்பகவல்லியின் தோளில் விழுந்தது. அவள் இன்னும் அந்தக் கையைத் தூக்குவதில்லை. விழுந்ததை நான்தான் அள்ளினேன். விரலிடுக்கில் மணலாக உதிர்ந்தது. பழுதுபார்க்கும் டெண்டரும் தணிகாசலத்துக்கே போனது. இன்று காலை வந்தவர், கதவடியில் கட்டியைப் பார்த்துச் சிரித்தார். "இது இன்னும் இருக்காம்மா? நல்லதாப் போச்சு. குடுங்க, இந்த வேலைக்கும் டெஸ்ட்டுக்கு இதையே அனுப்பிடலாம்." இரண்டு கைகளாலும் தூக்கினேன். கனத்தது. ஒரு முனைகூட மழுங்கவில்லை. "தர்றேன் சார். நீங்க வாசல்ல அந்த மிச்ச சன்ஷேடுக்குக் கீழ போய் நில்லுங்க. அங்க வந்து தர்றேன்." அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். சிரிப்பு நின்றது. "இங்கயே குடும்மா" என்றார். "அங்கதான் சார்" என்றேன். மனுக்களோடு வரிசையில் நின்றவர்கள் மெல்ல விலகி, அவருக்கு வழிவிட்டார்கள்.